துபாயில் கிராப்பி மீனுக்கு ரப்பர் புழு விற்ற கதை

காசு கொடுப்பது மனுஷன், பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்வது மீன்; இப்படி ஒரு கோளாறான வியாபாரம் உலகத்தில் தூண்டில் கடை ஒன்றுதான். சேலை பிடிக்கவில்லை என்றால் வாங்கினவரே வந்து சண்டை போடுவார், ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பலாம். மீனுக்கு யார் போய் சமாதானம் சொல்வது?

கல்ஃபில் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "லாஸ்ட் பீஸ் சார், நாளைக்கு வந்தா இருக்காது சார்" என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறவரா நீங்கள்? அப்படியானால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். ஊரில் இருக்கிறவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் "ஏசி ரூம்ல நிக்கிற வேலைதானடே" என்பார்கள். நம்ம பாடு நமக்குத்தான் தெரியும்.

பாஸ்போர்ட்டில் இருந்த தூத்துக்குடி

சத்வாவில் தையல் கடைகளுக்கு நடுவே எங்கள் தூண்டில் கடை இருக்கிறது. முதலாளி பஷீர் இக்கா, கண்ணூர்க்காரர். தங்கமான மனுஷன். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்தால் மனசுக்குள் திட்டிவிட்டாவது நிம்மதியாகத் தூங்கலாம்.

என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், என் பாஸ்போர்ட்டில் தூத்துக்குடி என்று இருந்தது. மாவட்டம்தான் இக்கா தூத்துக்குடி, என் ஊர் விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு, மழை பெய்தால்தான் கண்மாயில் தண்ணீர், நான் மீனைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன் என்று முதல் நாளே தெளிவாகச் சொன்னேன். அவர் நம்பவே இல்லை. நான் தன்னடக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். தோளில் கையைப் போட்டு அவர் சொன்னது: "எடா முருகேசா, கடல்காரன் எவன்டா தனக்குக் கடல் தெரியும்னு சொல்லுவான்?"

கிராப்பி வந்து இறங்கியது

இக்காவுக்கு ஒரு பழக்கம். மத்தியானம் சோறு தின்றதும் போனில் அமெரிக்காக்காரர்கள் மீன் பிடிக்கும் வீடியோ பார்ப்பார். அங்கே ஏரியில் கிராப்பி என்று ஒரு மீன் உண்டாம். அகலமான உடம்பு, காகிதம் மாதிரி மெல்லிய வாய். அதுவும் அதன் சொந்தக்கார மீன்களும் வாணலியில் முழுசாக அடங்கும் சைஸ் என்பதால், மொத்தமாக வாணலி மீன் என்கிற அர்த்தத்தில் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். சுண்டுவிரல் நீளத்தில் ரப்பர் புழு ஒன்றை, ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளில் கோத்துப் போட வேண்டியது. போடப் போட வந்துகொண்டே இருக்கும். இக்காவுக்குப் புல்லரித்துப் போய்விட்டது.

யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆர்டர் போட்டுவிட்டார். வால் சுருண்டது, வால் தட்டையானது, குழல் மாதிரி இருந்து நுனியில் நூல் நூலாகத் தொங்குவது, மினுமினுப்பு போட்டது, இருட்டில் ஒளிர்வது என்று அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்து இறங்கியது. அல் கூஸில் உள்ள எங்கள் குடோனில் இடம் போதாமல் கடையின் பாத்ரூம் வாசல் வரை அடுக்கினோம். பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இந்தக் கடலில் களவா மீனும் பாறை மீனும் பிடிக்க வருகிறவன் கேட்பது உள்ளங்கை நீளச் சரக்கு. இதுவோ ஏரித் தண்ணீரில் வாழும், இங்கே இல்லாத ஒரு மீனுக்குச் செய்தது.

வயசான எமிராத்தி வாடிக்கையாளர் ஒருவர் தினமும் தூண்டில் நூல் வாங்கும் சாக்கில் வந்து அரட்டை அடித்துவிட்டுப் போவார். நம் ஆட்களிடம் பழகி இந்தி நன்றாகவே பேசுவார், 'இல்லை' என்பதற்கு மட்டும் 'மாஃபி' என்று அரபிதான் வரும். ஒரு பாக்கெட்டை எடுத்து, அட்டையில் இருந்த மீன் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மீனைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பாய், இஸ் மச்லி கா விசா மாஃபி."

லீவு

நீங்கள் சிரிக்கலாம். நான் எப்படிச் சிரிப்பேன்? எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. பெண் செல்வி, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். நிச்சயதார்த்தத்துக்கே நான் போகவில்லை. என் சார்பாக மேடையில் ஒரு போனைச் சாத்தி வைத்திருந்தார்கள். முதலில் தையில் கல்யாணம் என்றார்கள், லீவு கிடைக்கவில்லை. வைகாசிக்குத் தள்ளினார்கள்.

வைகாசிக்கு லீவு கேட்கப் போன நேரம் பார்த்துத்தான் கிராப்பிச் சரக்கு வந்து இறங்கியிருந்தது. இக்கா இல்லை என்று சொல்லவில்லை. அவர் எதற்குமே இல்லை என்று சொல்ல மாட்டார். கடையில் நான் ஒரே ஆள். நான் போய்விட்டால் இதை விற்க யார் இருக்கிறார் என்று என்னையே கேட்டார். "இந்தச் சரக்கு என்னைக்குத் தீருதோ அன்னைக்கே உனக்கு லீவு, டிக்கெட் என் வக, கல்யாணப் புடவையும் என் வக" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப் போனது.

செல்விக்கு போன் போட்டு, ரப்பர் புழு, ஏரி மீன், குடோன் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் கேட்டாள்: "எங்கப்பாகிட்ட நான் இதை எப்படிங்க சொல்றது?"

பிளாஸ்டிக் பெட்டி

அன்றிலிருந்து எனக்குக் கிராப்பி வெறி. பாக்கெட்டின் பின்னால் எழுதியிருந்ததை எல்லாம் மனப்பாடம் செய்தேன். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, புகை நிறம்; கலங்கல் தண்ணீருக்குக் கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு. மீன் மந்தமாக இருந்தால் நேர் வால், சுறுசுறுப்பாக இருந்தால் சுருள் வால். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

இக்காவும் தன் பங்குக்கு உதவி செய்ய வந்தார். பாக்கெட்டில் கிடந்தால் யார் கண்ணிலும் படாது என்று, எல்லா நிறத்தையும் பிரித்து, அறை அறையாகத் தடுத்த பளபளப்பான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் தானே உட்கார்ந்து அடுக்கினார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அதை வாசல் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் விழும் இடத்தில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். இந்த ரப்பர் சில வகைப் பெட்டியோடு ஒட்டினால் பெட்டியையே அரித்துவிடும், ஒரு நிறத்தோடு இன்னொரு நிறம் கிடந்தால் சாயம் ஏறிக்கொள்ளும் என்பதெல்லாம் எங்கள் இருவருக்குமே தெரியாது. ஜூலை மாச வெயிலுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நான் போய் எடுத்தபோது பெட்டியின் அடி என் கையோடு பசை மாதிரி வந்தது. சிவப்பு, பச்சை, வெள்ளை எல்லாம் உருகி ஒரே கூழ். வால் எது, தலை எது என்று சாமிக்குத்தான் வெளிச்சம். திரும்பி வந்த இக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கேட்டார்: "எடா, இதை ஆக்டோபஸ்னு சொல்லி விக்க ஒக்குமா?"

அறிவு வளர்த்தவர்

ஒரு வெள்ளிக்கிழமை மெட்ராஸ்காரர் ஒருவர் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கிராப்பி பாக்கெட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எனக்குக் கல்யாண மேளச் சத்தமே கேட்டது. ஈயத் தலை எவ்வளவு கனம் இருக்கணும், மெல்லிய வாய் மீனுக்கு முள் பெரிசா சின்னதா, நூல் எவ்வளவு மெலிசு, காத்து அடிச்சா என்ன செய்யணும் என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் மனப்பாடம் செய்ததை எல்லாம் கொட்டினேன். சாப்பாட்டு நேரம் போய்விட்டது. வேறு இரண்டு பேர் வந்து, நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

எல்லா நிறத்திலும் ஒவ்வொன்று எடுத்துக் கவுண்டரில் பரப்பி, வரிசையாக போட்டோ எடுத்தார். பில் போடட்டுமா சார் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "இல்ல பாஸ், நான் இன்னும் மீன் பிடிக்கவே ஆரம்பிக்கல, இப்போதைக்கு நாலெட்ஜ் பில்ட் பண்ணிட்டு இருக்கேன்."

பேத்தைக்குப் படையல்

நடேசன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். பர் துபாயில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். லீவு நாளில் பாலத்தடியில் நின்று தூண்டில் போடுவதுதான் அவருக்கு ஒரே சந்தோஷம். இரக்க குணம் உள்ளவர். என் கல்யாணக் கதையைக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, உமக்காண்டி வாங்கிறன்" என்று சுருள் வால் பாக்கெட்டுகளைக் கை நிறைய எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் வந்தார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவுண்டரில் வைத்தார். எல்லாம் மொட்டை. ஒன்றுக்குக்கூட வால் இல்லை. நம் கடலில் பேத்தை மீன் கிடக்கிறதே, தொட்டால் பலூன் மாதிரி உப்புமே, அதற்குக் கத்தரிக்கோல் மாதிரி பல். வாலை மட்டும் நறுக்கித் தின்றுவிட்டு முள்ளை மரியாதையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அண்ணை கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்: "நான் மீன் பிடிக்கப் போறனானோ, பேத்தைக்குச் சாப்பாடு குடுக்கப் போறனானோ எண்டு ஒருக்கா யோசிச்சுச் சொல்லும் தம்பி."

ராமில்

பக்கத்து சலூனில் முடி வெட்டும் ராமில், பிலிப்பைன்ஸ்காரன். இருக்கிறதிலேயே பொடிசான வெள்ளைப் புழுவை, அதைவிடப் பொடிசான முள்ளை, தலைமுடி மாதிரி நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பெரிய மீன் எதற்கும் இது ஆகாதுடா என்று நானே சொன்னேன். அந்த அளவுக்கு மனம் விட்டுப் போயிருந்தது எனக்கு.

மறுநாள் போனைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு வாளி நிறைய மீன். உள்ளங்கை அளவு விளமீன், நீட்டு மூக்கு முரல், எனக்குப் பேர் தெரியாத கோடு போட்டது ஒன்று. பெரிய மீனை எல்லாரும் துரத்துகிறார்கள், பாறை இடுக்கில் கிடக்கிற சின்ன மீனை யாருமே கண்டுகொள்வதில்லை, சும்மா அடியில் விட்டு மெதுவாகச் சுண்டினால் போதும், பேத்தை பக்கத்தில் வந்தால் இடத்தை மாற்று என்று செய்து காட்டினான். கிராப்பி இல்லை. ஆனால் எல்லாமே வாணலியில் முழுசாக அடங்கும் சைஸ்! எப்படிடா கண்டுபிடித்தாய் என்றதற்கு அவன் தோளைக் குலுக்கினான்: "மை பிரண்ட், ஸ்மால் மவுத், ஸ்மால் ஃபுட். ஒய் யூ திங்கிங் டூ மச்?"

தீர்ந்தது

ராமில் அந்தப் படத்தைத் தன் ஆட்களுக்கு அனுப்பினான். அவ்வளவுதான். சலூன், சூப்பர் மார்க்கெட், ஓட்டல் என்று எல்லா டூட்டியும் முடித்துக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஷார்ஜாவிலிருந்து, அஜ்மானிலிருந்து வந்தார்கள். நான் சும்மா இருந்தேனா? "இன்னைக்குக் காத்து, தண்ணி கலங்கலா இருக்கும், பச்சை எடு. நாளைக்கு அமைதி, வெள்ளை எடு" என்று ஒவ்வொருவனுக்கும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அவர்களுக்கும் மீன் மாட்டியது. பாத்ரூம் கதவை ரொம்ப நாளைக்கு அப்புறம் முழுசாகத் திறந்தோம். ஆவணி பிறக்கும் முன்னே கடைசி அட்டைப்பெட்டியும் காலி. செல்வியின் அப்பாவே மண்டபத்துக்குச் சொல்லிவிட்டார். நான் இரண்டு சட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

இக்கா ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். கட்டிப் பிடித்தார். என் வாயில் ஒரு ஜிலேபியைத் திணித்தார். "நான் அன்னைக்கே சொன்னேனில்லே, நீ கடல்காரன்டா!" என்றார். பிறகு அதே சந்தோஷத்தில், இவ்வளவு வேகமாகப் போகிற சரக்கை விடலாமா என்று போன வாரமே ஒரு முழு கண்டெய்னருக்கு ஆர்டர் போட்டுவிட்டதாகச் சொன்னார். கப்பல் ஏறிவிட்டதாம். லீவு, இக்கா, என்றேன். அவர் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார். வந்த பிலிப்பினோ அத்தனை பேரும் முருகேசன் எங்கே என்றுதானே கேட்கிறார்கள், இந்த நேரத்தில் நீ போனால் நான் என்ன செய்வேன், இது மட்டும் தீரட்டும், வல்லாஹி, அல்லா சத்தியமாக, தீர்ந்த அன்னைக்கே நீ பிளைட் ஏறு என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். விற்காமல் இருந்தாலும் போக முடியாது, விற்றாலும் போக முடியாது என்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

ரூமுக்குப் போய் செல்விக்கு போன் போட்டேன். தீர்ந்துவிட்டது என்றேன். அவள் சிரித்தது கேட்டது. பிறகு மீதியைச் சொன்னேன். அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சாபீசில் நிற்கிறதாம், அப்பா அங்கேதான் போயிருக்கிறாராம். ரொம்பச் சாதாரணமாக, கடையில் சாமான் விலை கேட்கிற மாதிரி கேட்டாள்: "தேதி போடுற இடத்தை மட்டும் காலியா விட்டு அடிக்கச் சொல்லட்டுமா?"

தூண்டிலில் மாட்டிய மீனையாவது யாராவது ஒருத்தர் வெளியே இழுத்துவிடுகிறார், கவுண்டருக்குப் பின்னால் மாட்டின நம்மைத்தான் இழுக்க ஆளில்லை.