சூரியனுக்குப் போட்ட பந்தல்

பக்கத்து வீட்டில் கல்யாணம். சேலத்து வெயிலுக்குப் பயந்து என் வாசலையும் சேர்த்துப் பந்தல் போட்டுவிட்டார்கள். பச்சைத் தென்னங்கீற்று வாசனைக்கு மற்றவர்களுக்குக் கல்யாணச் சாப்பாடு ஞாபகம் வரும். எனக்கு என் தொலைநோக்கி ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் சூரியனை ஆராய்ந்தவன். மாணவனாக மொட்டை மாடியில் நின்று கருகினேன். பேராசிரியரானதும் மின்விசிறி கிடைத்தது. துணைவேந்தரானதும் ஏசி அறை, கனத்த திரைச்சீலை, கறுப்புக் கண்ணாடி வைத்த கார். சூரியனைப் படித்தவனுக்கு நம் ஊர் செய்யும் மரியாதை, அதை அவன் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பதுதான்.

ஆனாலும் விடாமல் அலைந்து, சூரியனைப் பார்க்கவென்றே ஒரு தொலைநோக்கி வாங்கிப் பல்கலைக்கழக மாடியில் வைத்தேன். திறப்பு விழாவுக்கு வெண்ணந்தூரிலிருந்து அப்பாவை வரவழைத்தேன். வாழ்நாளெல்லாம் கடலைக்காட்டு வெயிலில் நின்ற மனிதர். "அதுல அப்படி என்னதான் சாமி பாக்கற?" என்று நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பார். அன்று சூரியனில் பெரிய கரும்புள்ளி ஒன்று இருந்தது. அதை அவருக்குக் காட்டிவிட வேண்டும். அந்தப் பதவியில் எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான்.

மாடி ஏறினால் பந்தல். சிறப்பு விருந்தினர் வெயிலில் நிற்கக் கூடாதென்று பதிவாளர் தொலைநோக்கியையும் சேர்த்துக் கீற்றால் மூடியிருந்தார். பிரிக்கச் சொன்னேன். பந்தல்காரர் அடுத்த கல்யாணத்துக்கு ஆட்டையாம்பட்டி போய்விட்டாராம். அவர் போட்ட முடிச்சை மற்றவர் அவிழ்த்தால் கோபித்துக்கொள்வாராம். துணைவேந்தரை விடப் பந்தல்காரருக்கு அதிகாரம் அதிகம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

விருந்தினர் கண்ணை வைத்தார். அற்புதம் என்றார். பின்னால் நின்ற டீன்கள் எல்லோருக்கும் அதே அற்புதம் தெரிந்தது. கடைசியாக அப்பா. வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுந் தெரியலயே சாமி. எங்கண்ணு போயிருச்சாட்ட இருக்குது."

பந்தல் மறைக்கிறது, யாருக்குமே ஒன்றும் தெரிந்திருக்காது என்று அங்கேயே உரக்கச் சொன்னேன். அப்பா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"மெதுவாப் பேசு. இத்தன படிச்சவிங்க பொய்யா சொல்லுவாங்க?"

பார்வை நன்றாக இருக்கிறதென்று கண் டாக்டர் சொல்லியும் அவர் நம்பவில்லை. பந்தலைப் பிரித்த பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டேன். தன் கண்ணுக்கு அதெல்லாம் எட்டாது, என் வேலை கெட வேண்டாம் என்று தட்டிக்கழித்தார். அந்த நினைப்போடேயே போய்ச் சேர்ந்தார். டீன்கள் மீதான கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்தக் கரும்புள்ளி அந்த மாதமே கரைந்துவிட்டது. அதன்பின் எத்தனையோ புள்ளிகள் வந்து போயின. நான் ஊருக்குப் போனால், அதில் அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்க ஆளில்லை.