விதோசாவின் கழுத்தும் குறுக்குக் காற்றும்

எங்கள் ஊரிலிருந்து சாச்சாக் சந்தைக்குப் போகும் பேருந்தை ஓட்டும் விதோசாவுக்குக் கடவுள் பயம் கிடையாது, பெண்டாட்டி பயமும் கிடையாது. குறுக்குக் காற்று என்றால் மட்டும் நடுங்குவார். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் போச்சு, வண்டியை ஓட்டிக்கொண்டே முழுசாகத் திரும்பிக் கத்துவார். ஆகஸ்ட் வெயிலில் நான் பாலாடைக்கட்டி வாளியோடு வெந்து சாவேன்.

"எவ அவ திறந்தது?"

"நான்தான். மூச்சு முட்டுதுண்ணே!"

"முட்டட்டும்! காத்து பட்டுச் செத்தவன்தான் நம்ம கல்லறையில பாதிப் பேரு."

கோடை தொடங்கியதிலிருந்தே அவருக்குப் பிடரியில் வலி. அங்கிருந்து சுரீரென்று மண்டைக்கு ஏறிக் கண்ணுக்குப் பின்னால் குத்தும். பிளம் சாராயத்தில் நனைத்த துணியைப் பிடரியில் வைத்து, மேலே கம்பளித் துண்டை இறுக்கிக் கட்டினார். வலி கூடியது. இன்னும் இறுக்கினார். மாத முடிவில் ஓட்டுநர்களுக்கு உடல் பரிசோதனை. கழுத்து திரும்பவில்லை என்றால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். அந்தக் கிழட்டு வண்டிதான் அவருக்கு உசிர். ஒருநாள் ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதேவிட்டார்.

நான்தான் எங்கள் ஊர் டாக்டர் ஸ்மில்யாவைக் கெஞ்சி வண்டியில் ஏற்றினேன். அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து, அவர் திரும்பித் திரும்பிக் கத்துவதைப் பார்த்தாள்.

"காத்தும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. இப்படி வெடுக்கு வெடுக்குனு திரும்பித்தான் கழுத்தெலும்பு நடுவுல நரம்பு நசுங்குது. போதாததுக்கு இந்தத் துண்டு வேற பிடரி நரம்ப நெரிக்குது. அவுத்துப் போடுங்க. பின்னாடி பாக்கணும்னா கண்ணாடியில பாருங்க."

"கண்ணாடியில காத்து தெரியுமாம்மா?"

திருந்தாத ஜென்மம். துண்டை மட்டும் டாக்டரே அவிழ்த்து எடுத்துப் போனாள். அவரைத் திரும்பவிடாமல் செய்ய ஒரே வழிதான் இருந்தது. பயணிகள் எல்லோரும் பேசிவைத்து, பரிசோதனை வரை ஒரு ஜன்னலைக்கூடத் தொடவில்லை. வேர்த்து வழிந்தோம், மயங்கினோம், என் பாலாடைக்கட்டி இரண்டு முறை புளித்தது. அவர் திரும்பவே இல்லை. வலியும் மெல்ல விட்டது.

பரிசோதனையில் தேறிவிட்டார். வெளியே வந்ததும், வாசலில் காத்திருந்த என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

"பாத்தியா? ஜன்னல மூடி வெச்சீங்க, வலி ஓடிப்போச்சு! அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?"

மறுநாள் ஏறினேன். எல்லா ஜன்னலுக்கும் ஆணி அடித்திருந்தது. முன் இருக்கையில் டாக்டர் ஸ்மில்யா முகம் சிவக்க விசிறிக்கொண்டிருந்தாள்.