ஆள் வரும் என்று அப்பா காத்த கத்தி

"துரை இன்று ஊருக்குப் புறப்படுகிறார். தமது பட்டாளத்துக் கத்தியையும் அதன் உறையையும் என் கையில் ஒப்படைத்து, ஆள் வரும், அதுவரை வைத்திரு என்றார். ஆண்டவர் சாட்சி."

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த சீட்டு இது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் தாத்தா சொல்ல, கோயில் உபதேசியார் எழுதியது. மே மாதம், சனிக்கிழமை என்பது வரை தெளிவாக இருக்கிறது. ஆண்டு இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. துரையின் பெயரும் இல்லை. தாத்தா அந்த ஒரு துரையின் பங்களாவில்தான் வேலை பார்த்தார். அவருக்குத் துரை என்றால் ஒருவர்தான். பெயர் எழுத வேண்டும் என்று தோன்றியிருக்காது.

அப்பா பிறந்தது தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீட்டில். பதினான்கு வயதில் தாத்தாவை இழந்தார். அன்று அவர் கைக்கு வந்தவை ஒரு தங்கையும், இந்தச் சீட்டும், அந்தக் கத்தியும். பதினெட்டு வயதில் சுரங்கத்தில் இறங்கி எட்டு ஆண்டுகள் கீழே வேலை செய்தார். அந்த எட்டு ஆண்டுகள்தான் கடைசிவரை அவர் நெஞ்சில் இருந்து இருமின. பிறகு, ஆட்கள் ஏறும் கூண்டான கேஜை இறக்கி ஏற்றும் என்ஜின் அறைக்கு மாறினார். தொங்கும் கேஜில் உள்ளவர்களின் உயிர் தன் கைப்பிடியில் இருக்கிறது என்பதை ஒரு ஷிப்டிலும் மறக்கவில்லை. சுரங்கம் மூடிய பின் மாரிகுப்பத்திலிருந்து விடியற்கால ரயிலில் பெங்களூருக்குக் காவலாளி வேலைக்குப் போய்வந்தார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது அந்த ரயில். அம்மா போன பிறகும் அவர் வேலையை விடவில்லை. பிறர் பொருளில் ஒரு ஊசியைக்கூட வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. ஒன்றைத் தவிர. அதுவும் அவர் கொண்டுவந்ததல்ல.

கத்தி ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல் நீளம். கொம்புப் பிடி. கறுப்புத் தோல் உறை. உறையின் வாயிலும் நுனியிலும் பித்தளைப் பூண். துரை சுரங்கத்துப் பொறியாளர். போர்க்காலத்தில் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்து திரும்பியவர் என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆண்டுக்கு இரண்டு முறை, ஈஸ்டருக்கு முந்தின சனியும் கிறிஸ்துமஸுக்கு முந்தின சனியும், அப்பா அதை வெளியே எடுப்பார். கத்திக்கு எண்ணெய். தோலுக்கு மெழுகு. பூணுக்குப் பித்தளை பாலிஷ். என்ஜின் அறையில் மீட்டர்களைத் துடைக்கும் காட்டன் வேஸ்ட் கொண்டு, அதே அழுத்தத்தில், தகதகவென்று வரும் வரை தேய்ப்பார். சொந்தக்காரர் வரும்போது துருப்பிடித்த பொருளை நீட்டக்கூடாது என்பது அவர் எண்ணம்.

போன வருடத்திற்கு முந்தின வருடம் ஜூன் மாதம் அவருக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் முதன்முறையாக என்னிடம் கேட்டார்.

"நீதான் எல்லாத்துக்கும் தேதி வெச்சிகினு கீறியே, அந்தத் துரை வூட்டு ஆளுங்கள கண்டுபுடிச்சுக் குடும்மா. நான் இருக்கறப்பவே குடுத்துடணும்."

அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு, தம்பி பெங்களூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்தான். பழைய பட்டாளத்துக் கத்திகளைச் சேகரிப்பவர். கையுறை போட்டுக்கொண்டு, லென்ஸ் வைத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்தார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க! வாய்ப் பூண்ல பேரு வெட்டியிருந்திருக்கு. நகம் வெச்சுப் பாருங்க, லேசா பள்ளம் தெரியுது. தேய்ச்சுத் தேய்ச்சே எடுத்துட்டீங்களே!"

"பித்தளைன்னா தேய்க்கணுங்க. எங்க என்ஜின் ரூம்ல மீட்டர் மூடியப் பாத்து மீசை ஒதுக்கலாம், தெரியுமா?"

"இது என்ஜின் இல்லையே சார். பழைய சாமானுக்குக் கறைதான் அழகு."

"கறையா? எங்க ஃபோர்மேன் காதுல இது வுழுந்திருந்தா உங்கள அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அப்பா மெதுவாகக் கேட்டார்: "அப்போ அந்தப் பேரு?"

"போச்சு சார். இனிமே யாராலயும் படிக்க முடியாது. இப்படியே எனக்குக் குடுத்துடுங்களேன், பத்திரமா வெச்சுக்கறேன்."

"அது முடியாதுங்க. நாளைக்கு ஆள் வந்தா இன்னா சொல்றது?"

அவர் போன பிறகு அப்பா அன்று மாலை வரை பூணைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே படுத்திருந்தார். சிறுவனாக இருந்தபோது அதில் எழுத்துகளைப் பார்த்திருக்கிறார். அப்போது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்த காலத்தில் எழுத்து இல்லை. நானும் என் பள்ளி நாட்களில் அங்கே சில கோடுகளைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்த நாளைக்கூட நோட்டில் குறிப்பவள், அவற்றை மட்டும் குறித்து வைக்கவில்லை.

தேடினேன். கோயில் பதிவேடுகளைப் புரட்டினேன். வெள்ளைக்காரர் கல்லறைகளில் ஒவ்வொரு கல்லாகப் படித்தேன். இங்கே வாழ்ந்து வெளிநாடு போன குடும்பத்தார் சிலருக்குக் கடிதம் எழுதினேன். பதில் போட்டவர்கள் எல்லோரும் அன்பாகவே எழுதினார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: அவர் பெயர் என்ன?

ஒவ்வொரு மாலையும் நான் வேலை முடிந்து ரயிலிறங்கி வீட்டுக்குள் நுழையும்போது, "ஆச்சாம்மா?" என்பார் அப்பா.

"இன்னும் இல்லப்பா" என்பேன். பதினோரு மாதங்கள் இந்த இரண்டு வாக்கியங்கள். இரண்டாவதை மாற்ற என்னால் முடியவில்லை.

கடைசி வாரம் தம்பி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னான்: "அக்கா, கண்டுபுடிச்சாச்சுன்னு சொல்லிடு. ஒரே ஒரு பொய். நிம்மதியாப் போவாரு."

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. வியாழக்கிழமை காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்பா, துரையோட பேத்தி கடுதாசி போட்டிருக்காங்க. வராங்களாம்."

அப்பா கண் திறந்து என்னைப் பார்த்தார். மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"கடுதாசில இன்னா தேதி போட்டிருக்கு?"

அதற்கு ஒரு தேதியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. பிறந்தது முதல் என்னை அறிந்தவர் அவர். என் கையைத் தட்டிக்கொடுத்து, "வுடும்மா" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஞாயிறு காலை கோயில் முதல் மணி அடித்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது. அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலியை நிறைவேற்றும் பங்குத் தந்தைக்கும், சிலிண்டர் தீர்ந்த நாட்களில் அழைக்காமலே வண்டி எடுத்துவந்த லைன் பிள்ளைகளுக்கும், பூதிகோட்டையிலிருந்து ஒருநாள் விடாமல் பால் கொண்டுவந்த அண்ணனுக்கும், அப்பாவைக் கடைசியாகத் தோளில் சுமந்த என்ஜின் அறை நண்பர்கள் நால்வருக்கும், பதினோரு மாதங்கள் பகலில் அவரைத் தனியே விடாத எதிர்வீட்டு ஸ்டெல்லா அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கத்தி என்னிடம் இருக்கிறது. நான் அதைத் தேய்ப்பதில்லை.

ஸ்டெல்லா அத்தை சொன்ன ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து, பாத்திரங்களை அடுக்கும்போது சொன்னார்.

சுரங்கம் மூடிய புதிதில் லைன் வீடுகளைக் காலி செய்ய நோட்டீஸ் வரும் என்ற பேச்சு இருந்தது. நோட்டீஸை ஆள் கையில்தான் கொடுக்க முடியும், ஆள் இல்லையென்றால் கொடுக்க முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் லைனில் ஒரு ஏற்பாடு. வெளியாள் யார் வந்து எந்தப் பெயரைக் கேட்டாலும், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிவைத்தவர் அப்பா.

"அப்போ ஒரு நாள், வயசான வெள்ளைக்காரம்மா ஒருத்தங்க கார்ல வந்தாங்கம்மா. கூட வந்த ஆள் தமிழ்ல உங்க தாத்தா பேரச் சொல்லி, அவங்க குடும்பம் எங்கன்னு கேட்டான். உங்கப்பா டூட்டிக்குப் போயிருந்தாரு. நான்தான் வாசல்ல நின்னுகினு இருந்தேன். அந்தப் பேருல யாரும் இல்லீங்கன்னுட்டேன். அந்தம்மா உங்க கதவையே பாத்துகினு நின்னாங்க. அப்பால போயிட்டாங்க."

அப்பாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னேன்னுதான் நெனைக்கிறேன். சாயங்காலம் ரயில்ல வந்ததும் சொல்லியிருப்பேன். சத்தியமா ஞாபகம் இல்லம்மா."

அந்த அம்மையார் துரையின் வீட்டார்தானா என்பது தெரியவில்லை. அவர் வந்தது அப்பாவுக்குத் தெரியுமா என்பதும், தன் ஏற்பாடே அவரைத் திருப்பி அனுப்பியது தெரிந்தே இத்தனை ஆண்டுகள் அந்தப் பூணைத் தேய்த்துக்கொண்டிருந்தாரா என்பதும், இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.