மாலதி அக்காவின் நான்கு பெக்குகள்

சனிக்கிழமை காலை, கிள்ளான் போகும் நெடுஞ்சாலையில் ஷா ஆலம் அருகே நெரிசலில் நின்றபோது செய்தி வந்தது. மாலதி அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். வண்டியை எடுக்கவே எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான் அவரை அறிந்த உங்களோடு பேசுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஞாயிறுதோறும் கூடி, நான்கு தந்திக் குட்டி கிட்டாரான யுகுலேலே வாசிக்கும் எங்கள் குழுவைத் தொடங்கியவர் அவர். விரல் மூட்டுகளில் வாதம் வந்த பிறகு, தந்தியை முறுக்கும் பெக் அவரைப் படுத்தி எடுத்தது. அவருடையது பழைய வகை. உராய்வு மட்டுமே அதைப் பிடித்து நிறுத்தும். இறுக்கி வைத்தால் திருக முடியாமல் விரல் வலிக்கும். தளர்த்தினால் சுருதி இறங்கிவிடும். கியர் வைத்த பெக் லேசாகச் சுழலும், விட்ட இடத்தில் நிற்கும். ஆனால் அதைப் பொருத்த மரத்தில் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். பிறகு பழையதற்குத் திரும்ப முடியாது.

கிள்ளானில் உள்ள இசைக்கருவிக் கடைக்குப் பலமுறை போனோம். கடைக்காரர் டிரில்லைக் கையில் எடுத்ததும், "இருங்க பாஸ், யோசிச்சிட்டு வரேன்" என்று அக்கா வெளியேறிவிடுவார். காரில் ஏறியதும், "மாத்தியிருக்கலாமோ குமரா? ஆனா அந்த கியர் பெக் ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே" என்பார். வீடு சேரும்வரை அதே பேச்சுதான்.

சுங்கை வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வாசித்தோம். பாட்டின் நடுவில் அக்காவின் தந்தி இறங்கிவிட்டது. திருகிப் பார்த்தார், விரல் ஒத்துழைக்கவில்லை. யுகுலேலேயை என்னிடம் நீட்டினார். நான் சுருதி சேர்த்துக் கொடுத்தேன். பாட்டு நன்றாகவே முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பும் வழியில் காரில் அக்கா சொன்னார்:

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா என் யுகுலேலேக்கு என்னால சுருதி சேக்க முடியல. அழகப் பாத்து என்ன லா பண்றது? வண்டிய கிள்ளானுக்கு விடு."

கடையில், "போடுங்க பாஸ்" என்றார். டிரில் ஓடியபோது என் கையை இறுகப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றார். நான்கு கியர் பெக்குகளும் ஏறியதும் தாமே தந்தியை ஏற்றினார், இறக்கினார், தேவையே இல்லாமல் மறுபடி ஏற்றினார்.

"சொன்னா கேக்குது குமரா!"

அந்தச் சிரிப்பை அவர் முகத்தில் அதற்குமுன் நான் கண்டதில்லை. பிறகு நாங்கள் வாசித்த எந்த இடத்திலும் அவர் யாரிடமும் யுகுலேலேயை நீட்டவில்லை.

இறப்பதற்கு முந்தைய மாலை அவர் அனுப்பிய குரல் பதிவு ஒன்று என் போனில் இருக்கிறது. "ஞாயித்துக்கெழம சீக்கிரம் வந்துரு லா, புதுப் பாட்டு ஒண்ணு இருக்கு" என்கிறார். பேச்சு முடிந்தும் பதிவை நிறுத்த மறந்திருக்கிறார். ஒரு தந்தி மெல்ல ஏறி, சரியான இடத்தில் நிற்பது கேட்கிறது. அதை வைத்திருக்கிறேன்.