ஆர்டிஸுக்கென்று ஒரு வில்

ஆர்டிஸ் ப்ரெக்கே வில்லைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பார்க்கிறார். ஷேனின் கடையில் யாராவது புது வில்லை இழுத்து நின்றால் போதும், வாய்க்குப் போன காபிக் கோப்பையைப் பாதி வழியில் நிறுத்திக் கண்களை மூடிக்கொள்வார். நாண் விடுபட்டு அம்பு போய்ப் பலகையில் குத்தியதும் தீர்ப்பு வந்துவிடும். "இது தும்முது." அடுத்த வில். "இது கோவிச்சுக்கிட்டுக் கதவைச் சாத்துது." அதற்கடுத்தது. "ம்... பரவால்ல. ஆனா சர்ச்சுல உக்காந்து இருமலை அடக்குற மாதிரி இருக்கு." ஷேன் காலையிலிருந்து மாய்ந்து மாய்ந்து புகழ்ந்த வில் அதுவாகத்தான் இருக்கும். அவர் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் அங்கே போய் உட்கார்வதுண்டு.

ஆர்டிஸ் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மான் அம்பைப் பார்த்து ஓடுவதில்லை, நாணின் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடுகிறது. பாய்வதற்காகக் காலை மடக்கி அது ஒரு கணம் தாழும்போது அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். "மானுக்குக் கண்ணவிடக் காதுதானே பெருசு? அதான் நானும் காதால வாங்குறேன்" என்பார்.

விஸ்கான்சின் மலைப்பக்கத்தில் இருக்கும் எங்கள் சிற்றூரில் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் எல்லோரும் ஆர்டிஸின் கரண்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவர் இன்னும் ஓயவில்லை. ஷேன் தாடி வளர்த்து, வில் கடை வைத்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகியும் ஆர்டிஸுக்கு அவர் பட்டாணியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய பையன்தான். "டேய் ஷேன், பட்டாணி தின்னியாடா?" என்று கேட்டுக்கொண்டேதான் கடைக்குள் நுழைவார். ஷேனும் மறக்காமல் "தின்னேன், மிஸஸ் ப்ரெக்கே" என்பார். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

நான் ஆர்டிஸுக்குப் பக்கத்து வீடு. இந்த ஊருக்கு வந்து இருபது குளிர்காலம் தாண்டிவிட்டது. இலை பழுக்கத் தொடங்கினால் ஆர்டிஸின் நடை மாறிவிடுவதை ஜன்னல் வழியாகவே கண்டுபிடித்துவிடுவேன். மத்தியானம் பாத்திரம் கழுவி முடிந்ததும் வீட்டுக்கு வந்து வாசனையில்லாத சோப்பில் தலை குளிப்பார். "வெங்காய வாசனையோட போனா மானெல்லாம் தட்டைத் தூக்கிட்டு வரிசையில வந்து நிக்கும்." பிறகு மேட்டு ஓக் மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்து, இருட்டும்வரை அணில்களைத் திட்டிக்கொண்டிருப்பார். மான் கிடைத்தால் அவரே அறுத்து, அவரே மசாலா சேர்த்து, சாசேஜ் செய்து தெரு முழுக்க அனுப்புவார். தனக்கென்று வைத்துக்கொள்வது கழுத்துத் துண்டு. நல்ல துண்டை எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்தம்மாளுக்குக் கிடையாது.

வில்லும் அப்படித்தான் கிடைத்தது. கணவர் கேலன் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆறே கால் அடி உயரம், அதற்கேற்ற கை. வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறார். சில வருஷத்துக்கு ஒருமுறை அவர் புது வில் வாங்குவார், பழையது ஆர்டிஸுக்கு வரும். சும்மா வராது. புது நாண் பூட்டி, நாணுக்கு மெழுகு தேய்த்து, திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு, பிறந்தநாள் பரிசு மாதிரி சாப்பாட்டு மேசையில் வைத்திருப்பார். ஆர்டிஸ் எடுத்துப் பார்த்து, "மோசமில்ல" என்பார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

காம்பவுண்ட் வில்லின் இரு நுனியிலும் கப்பி இருக்கும். இழுக்கும்போது பாதித் தூரம்வரை மல்லுக்கு நிற்கும், கப்பி உருண்டு முடிந்ததும் பசு மாதிரி அடங்கிவிடும். அந்த அடங்கும் இடம் எங்கே வரவேண்டும் என்பது இழுப்பவரின் கை நீளத்தைப் பொறுத்தது. கேலனின் கைக்கு அடங்கும் வில் ஆர்டிஸின் கைக்கு எப்படி அடங்கும்? அவர் பின்னால் சாய்ந்து சாய்ந்து எட்டிப் பிடித்தார். வயலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலே, அந்தச் சாய்வை வைத்து அது ஆர்டிஸ்தான் என்று ஊர் சொல்லிவிடும். நாண் முன்கையில் அறைந்து அறைந்து, வேட்டைக் காலம் முழுவதும் இடது கை கன்றிப்போய் ஊதா நிறத்தில் இருக்கும். "யாரு அடிச்சா, மிஸஸ் ப்ரெக்கே?" என்று சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகள் கேட்பார்கள். "மான்தான். திருப்பி அடிக்குது" என்று சொல்லி இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போடுவார்.

போன வருஷம் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கெட்டது. ஊரே பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒரு பெரிய கலைமான் அவருடைய மரத்தடிக்கே வந்து நின்றது. வழக்கம்போல் சாய்ந்து இழுத்தார். பரணில் சாய்வதற்கு இடம் ஏது? முழங்கை மரத்தில் இடித்தது, நாண் சட்டைக் கையில் பட்டது, அம்பு பக்கத்து வயல் சோளத்துக்குள் போய்விட்டது. சர்ச்சில் எல்லோரிடமும் அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தார். வேலியோரம் என்னிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "எனக்குக் கை ஓஞ்சுபோச்சு போலிருக்கு. இந்த வேட்டையை விட்டுரலாமான்னு இருக்கு." எனக்கோ ஆர்டிஸ் இல்லாத அந்த ஓக் மரத்தை நினைக்கவே பிடிக்கவில்லை.

இந்த ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட எல்லோரும் போயிருந்தோம். தட்டில் கடைசித் துண்டு மீன் கிடந்தது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் பாதி வெட்டுவார், அடுத்தவர் அதில் பாதி, இப்படியே குன்றிமணி அளவு ஆகிப் பரிமாறுகிற பெண் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கேலன் புது வில்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "என் பழசு உனக்கு, ஆர்டி. நல்லா ஜோடிச்சுத் தரேன்." ஆர்டிஸ் முள்கரண்டியை நீட்டி அந்தத் துண்டை முழுதாகக் குத்தி எடுத்தார். அவசரமில்லாமல் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பழசு வேணாம், கேலன். இந்தத் தடவை புது வில்லு எனக்கு."

கேலன் காலித் தட்டைப் பார்த்தார். "மீன் எப்படி?" என்றார்.

"மோசமில்ல."

வேட்டை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் மூவரும் ஷேன் கடைக்குப் போனோம். அதற்குள் ஆர்டிஸ் கண்ணை மூடியே கடையில் பாதியைக் கழித்துக் கட்டியிருந்தார். சுவரில் ரோஸ் நிறத்தில் ஒரு வில் நெடுநாளாகத் தொங்குகிறது. யாரோ இடதுகைக்காரப் பெண்ணுக்காகச் சொல்லிவிட்டு, வாங்க வராமலே போய்விட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆர்டிஸ் உதட்டைப் பிதுக்குவார். "பொம்பளைன்னா பஞ்சுமிட்டாய்க் கலர்லதான் மானடிக்கணுமா?"

"எழுபது பவுண்டு இழுவை உள்ளதா ஒண்ணு எடு, ஷேன்" என்று கேலன் ஆரம்பித்தார்.

"வில்லு யாருக்கு?" என்றார் ஆர்டிஸ். கேலன் வாயை மூடிக்கொண்டார்.

ஷேன் ஆர்டிஸைச் சுவரோரம் நிறுத்தி, இரண்டு கையையும் சிறகு மாதிரி விரிக்கச் சொன்னார். நாடாவை விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை இழுத்து, இரண்டரையால் வகுத்தார். "இருபத்தாறு அங்குலம்" என்றார். ஆர்டிஸின் கையிலிருந்த பழைய வில்லை வாங்கி அளந்தார். மறுபடியும் அளந்தார். "இருபத்தொம்பது. இத வச்சுக்கிட்டு எப்படி மான் அடிச்சீங்க, மிஸஸ் ப்ரெக்கே?"

"சாஞ்சுக்கிட்டுதான்."

கேலனின் காது சிவந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஷேன் உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில் குட்டையான ஒரு வில்லைக் கொண்டுவந்தார். அந்த அளவில் கடையில் இருந்தது அது ஒன்றுதான். ஆர்டிஸ் அம்பைத் தொடுத்து இழுத்தார். இழுத்த இழுப்பில் முதுகு நேராகவே நின்றது. இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்தம்மாள் இவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நாணை விட்டார். அம்பு போய்ப் பலகையில் நின்றது. இடது முன்கையைத் திருப்பிப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. "ஷேன்," என்றார் மெதுவாக, "இது ஒண்ணுமே சொல்லலடா." அவர் முகத்தில் வந்த சிரிப்பை எழுதத் தெரிந்தால் நான் இன்னும் நல்ல எழுத்தாளனாக இருப்பேன்.

"எங்க, குடு பாக்கலாம்" என்று கேலன் வாங்கினார். ஆசையாகத்தான் வாங்கினார். அம்பு வைக்காமல் வில்லை இழுக்கக் கூடாது என்று வகுப்புக்கு வகுப்பு தொண்டை வறளக் கத்துகிற மனுஷன், அம்பு வைக்காமல் இழுத்தார். அவருடைய நீளக் கைக்கு நாண் பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னும் வரும் என்று பழக்கத்தில் ஒரு வெட்டு வெட்டினார். நாணைக் கொக்கியில் பிடித்து விடுவிக்க மணிக்கட்டில் கட்டியிருந்த விசையில் விரல் பட்டு, நாண் விடுபட்டது. தள்ளிவிட அம்பு இல்லாவிட்டால் அவ்வளவு வேகமும் வில்லுக்கேதான் திரும்பும். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நாண் அறுந்து குடல் மாதிரி தொங்கியது.

கேலன் உடைந்த வில்லைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். "ஆர்டி... நான்..." என்றார்.

ஆர்டிஸ் வில்லையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கேலன்," என்றார், "இந்தத் தடவை எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே பழசாக்கிட்ட."

கடையே வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

ஷேன் கொஞ்சம் பஞ்சை எடுத்து, வில்லின் மேலும் கீழும் வளையும் பட்டைகளில் மெல்லத் தேய்த்தார். மயிரிழை விரிசல் இருந்தாலும் பஞ்சு அதில் சிக்கிக்கொள்ளும். மேல் பட்டையில் சிக்கியது, கீழ்ப் பட்டையிலும் சிக்கியது. கப்பிகளும் பிடியும் தப்பிவிட்டன. "நாண் என்கிட்ட இருக்கு. பட்டைதான்... கம்பெனிலருந்து வர்றதுக்குள்ள பனி விழுந்துரும், மிஸஸ் ப்ரெக்கே."

"என் வில்ல எடுத்துக்கோ" என்றார் கேலன். சொல்லி முடிப்பதற்குள் அவரே நிறுத்திக்கொண்டார். "அது உனக்கு ஆகாதுல்ல?"

"ஆகாது."

"இத்தன வருஷமும் ஆகலையா?"

"ஆகல."

"ஏன் ஆர்டி சொல்லல?"

"நீ மெழுகெல்லாம் தேச்சு மேசைல வச்சிருப்பியே. அத எப்படி வேணாங்கறது?"

கேலன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். லாரியில் பனிப்புயலைத் தாண்டியவர், இந்த ஒரு வார்த்தையைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "ஷேன், அந்த ரோஸ் வில்லு இதே மாடல்தானே?"

"அது இடதுகை வில்லு, மிஸ்டர் ப்ரெக்கே."

"பிடிதான இடதுகை? பட்டைக்கு ஏது இடதும் வலதும்?"

ஷேன் வாயைப் பிளந்தார். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவியில் இரண்டையும் மாட்டி, ரோஸ் பட்டைகளைக் கழற்றிப் பழுப்பு வில்லில் பூட்டச் சாயங்காலம் ஆகிவிட்டது. கேலன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திருகாணி எடுத்துக் கொடுத்தார். அதற்குள் செய்தி பரவி, சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களே பத்துப் பேர் இருந்தார்கள். நடுவில் பழுப்பும் இரு பக்கம் ரோஸுமாக அது தயாரானபோது, "மான் பாத்தா சிரிக்குமே, ஆர்டிஸ்!" என்று ஒருவர் கத்தினார்.

"அதுக்கு ரோஸெல்லாம் தெரியாது" என்றார் ஆர்டிஸ். "தெரிஞ்சாலும் சிரிக்கட்டும். நின்னு சிரிச்சாப் போதும்."

புது வில்லில் குறி பார்க்கும் முள்ளை, விடுகிறவரின் கண்ணுக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். அந்த வீட்டில் எந்த வில்லானாலும் முதல் அம்பு கேலன் விடுவார். தன் கண்ணுக்குச் சரியாக முள்ளைத் திருகி வைத்த பிறகுதான் ஆர்டிஸுக்குக் கொடுப்பார். மனுஷன் எல்லாம் புரிந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் பழக்கம் விடவில்லை. ஷேன் வில்லை ஆர்டிஸிடம் நீட்டியதும் எழுந்து வந்து, அதை வாங்கக் கையை நீட்டினார்.

ஆர்டிஸ் அந்தக் கையைப் பார்த்தார். தோளில் கிடந்த கைப்பையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு, வில்லை வாங்கி முதல் அம்பைத் தொடுத்தார்.