விசிலுக்கு வந்த நாய்

எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்ததில் எங்கள் விருப்பம் எதுவும் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அதை யாரிடமோ வாங்கி, வீட்டிலிருந்தபடி வேலை செய்த நாட்களில் மடியிலேயே வைத்திருந்தாள். அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னதும் அதை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் தென்காசிக்குக் கொண்டுவந்துவிட்டாள். “கொஞ்ச நாள்தாம்மா” என்றாள். கொஞ்ச நாள் என்று எங்கள் வீட்டுக்குள் வந்த எதுவும் திரும்பிப் போனதில்லை. அவள் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளில் இன்றைக்கும் துண்டு காய்கிறது.

பீகிள் என்ற சாதி. வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என்று மூன்று நிறம். காது இரண்டும் தொங்கித் தட்டில் தோயும். வெளிநாட்டில் முயல் வேட்டைக்கு வளர்ப்பது என்று மகள் சொன்னதை என் கணவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னார். ராஜபாளையம், கன்னி என்று நாட்டு வேட்டை நாய்களையே பார்த்துப் பழகிய அந்த அண்ணாச்சி குட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். “வேட்ட நாய்னு சொல்லுதீய, காது தரையில கெடக்கே” என்றார். என் கணவருக்கு அன்று முழுக்க முகம் சரியில்லை.

அவர் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற போலீஸ்காரரோடு ஒரே வீட்டில் இருப்பது எளிய காரியமல்ல. பால்காரர் வரும் நேரம், கேட்டைச் சாத்தும் விதம், நான் துணி மடிக்கும் வரிசை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த ஆரம்பித்திருந்தார். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளை ஒழுங்குபடுத்திவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் ஒருவர் விறைப்பாக நின்றால் என்ன செய்வது? அந்த வகையில் நாய் வந்தது எனக்கு உபகாரம்தான். அவருடைய கவனம் அதன் பக்கம் திரும்பியது. எனக்கு அதன்மேல் வெறுப்பும் இல்லை, பிரியமும் இல்லை. சோறு வைப்பேன், அவ்வளவுதான்.

பீகிளுக்கு மூக்கு திறந்தால் காது அடைத்துவிடும். எங்காவது கறி வாசனை வந்தால் தலையைத் தரையோடு வைத்துக்கொண்டு கிளம்பிவிடும். பிறகு யார் கூப்பிட்டாலும் கேட்காது. இரண்டு தெரு தள்ளியிருந்த பரோட்டா கடையில் அதற்கு நிரந்தர இடமே உண்டாகிவிட்டது. ஒருநாள் ஆலங்குளம் சாலையில் பஸ்ஸுக்குக் குறுக்கே போய்விட்டது. டிரைவர் பிரேக் அடித்து நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, என் கணவரின் பரம்பரை முழுவதையும் விசாரித்தார். இவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். “கூப்பிட்டா வரணும். சீசனுக்குள்ள பழகலேன்னா பண்பொழி தோப்புலதான் கொண்டு விடணும்.”

சீசன் ஆரம்பித்தால் குற்றாலத்துக்குக் குளிக்க வரும் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்கும். கேட்டைச் சாத்தி வைக்க முடியாது. பண்பொழியில் என் கணவரின் பெரியப்பா மகனுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அங்கே பகலில் நாய்களைச் சங்கிலியில் கட்டிப்போட்டு, இருட்டியதும் காட்டுப்பன்றியை விரட்ட அவிழ்த்துவிடுவார்கள். அந்தத் தோப்பில் கிழட்டு நாய் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இது இருவருக்குமே தெரியும். “சரி, பழக்கிருதேன்” என்று மட்டும் சொன்னார்.

பழக்குவதற்கு முதல் தடை அதன் பெயர். மகள் வைத்திருந்தது இங்கிலீஷ் பெயர், வாயில் வைத்தால் பிஸ்கட் மாதிரி கரைந்துவிடும். ஊரையே அதட்டிய மனிதர் தெருவில் நின்று அதைக் கத்துவதா? வெட்கப்பட்டார். வீட்டுக்குள் ‘ஏலே’ என்று சமாளித்தோம். கடைசியில் பீரோவுக்குள்ளிருந்து தன் பழைய போலீஸ் விசிலை எடுத்தார். ஒரு ஊதல், ஒரு துண்டு வேகவைத்த ஈரல். அதுதான் பயிற்சி. முதலில் முற்றத்தில், பிறகு மாடியில், பிறகு தெருமுனையிலிருந்து.

குட்டி அபாரமாகப் பழகியது. விசில் சத்தம் கேட்ட மாத்திரத்தில் காது பறக்க ஓடிவந்து, சத்தம் வந்த ஆளின் முன்னால் உட்கார்ந்து, அவர் வலது கையைப் பார்க்கும். செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் கவிச்சி கிடையாது என்பதால் அந்த நாட்களில் ஈரலுக்குப் பதில் பொரிகடலை. அன்றைக்கும் வரும், ஆனால் அரசாங்க ஆபீசில் ஃபைல் நகரும் வேகத்தில் வரும். பரோட்டா கடை வாசலிலிருந்துகூட விசிலுக்குத் திரும்பி வந்த அன்று, என் கணவர் சமையலறை வாசலில் நின்று, “பாத்தியாட்டி?” என்றார். மகள் முதல் வகுப்பில் தேறியபோதுகூட அந்தக் குரல் வந்ததில்லை. நான் பார்த்தேன் என்றேன். தோப்புப் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

சாரல் தொடங்கியது. சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்து இறங்கியது. எல்லோரும் வேன் பிடித்துக் குற்றாலம் போவதாக ஏற்பாடு. நாயைத் தனியாக விட்டுப்போனால் ஊளையிட்டே தெருவைக் கூட்டிவிடும். அதனால் அதுவும் வேனில் ஏறியது. நாத்தனாரின் மடியில் அது ஏறப்பார்க்க, “மதினி, இத வாங்கிக்கோங்க, புடவை பட்டு” என்று என்னிடம் தள்ளினாள். அருவிக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பேரருவியில் நல்ல கூட்டம். நாயோடு உள்ளே போக முடியாது என்று என் கணவர் வேன் நிறுத்திய இடத்தில், சிப்ஸ் கடைப் பக்கம் நின்றுகொண்டார். நாங்கள் பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. மலைமேல் மழை வலுத்துவிட்டது போலிருக்கிறது. தண்ணீர் நிறம் மாறி, அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தது. வழக்கம்போல் காவலுக்கு நின்ற போலீஸார் எல்லோரையும் வெளியேறச் சொல்லி விசில் ஊதினார்கள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பாலத்துப் பக்கம் ஒன்று.

சீசன் முழுக்க அருவிக்கரையில் விசில் கேட்கும் என்பது எனக்கும் என் கணவருக்கும் தெரியாத செய்தியா? எத்தனையோ சீசனில் அவரே அங்கே நின்று ஊதியிருக்கிறார். ஆனால் ஈரல் வேகவைத்த அத்தனை நாளும் எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. போலீஸ் குடும்பத்துக்குப் போலீஸ் விசில் வீட்டுச் சாமானாகிவிடுகிறது.

ஈரத்துணியோடு வெளியே வந்தபோது அவர் கழுத்துப்பட்டையை மட்டும் கையில் பிடித்து நின்றார். விசில் கேட்டதும் குட்டி தலையைப் பின்னால் இழுத்து உருவிக்கொண்டு போய்விட்டதாம். “ஊதுங்க, ஊதுங்க” என்றேன். ஊதினார். பத்து விசிலோடு அதுவும் ஒன்றாகக் கலந்தது. சிப்ஸ் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கலைந்து நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர், “போறோம் சார், ஏன் வெரட்டுதீய?” என்று கோபித்துக்கொண்டார். என் கணவர் விசிலைக் கீழே இறக்கிவிட்டார். பிறகு நான் “ஏலே!” என்று கத்தினேன். திருநெல்வேலிக்காரர்கள் நிறைந்த கூட்டத்தில் அப்படிக் கத்தினால் என்ன ஆகும்? பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால்களுக்கு நடுவில் கால்கள். ஓடைப் பக்கம் தண்ணீர் படியேறிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டிக்கு நீந்தத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒவ்வொரு விசில் கேட்கும்போதும், இப்போது அது எந்தப் பக்கம் திரும்பி ஓடும் என்று நினைத்தேன். பிரியம் இல்லை என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தேன்? வாய்விட்டு அந்த இங்கிலீஷ் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். என் மாணவிகள் யாரும் அங்கே இருந்தார்களா என்று யோசிக்கவில்லை.

ஆண்கள் பக்கத்துத் தடுப்பு அருகே ஒரு பெண் காவலர் நின்றிருந்தார். மகள் வயதுதான் இருக்கும். அவர் முன்னால் அது உட்கார்ந்திருந்தது, நனைந்து பாதி உடம்பாகி. ஒரு முன்னங்காலை யாரோ மிதித்திருக்க வேண்டும், தூக்கி வைத்திருந்தது. அந்தப் பெண் விசில் ஊதினார். அது இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து அவருடைய வலது கையைப் பார்த்தது.

“உங்களதா அண்ணாச்சி?” என்றார் அந்தப் பெண், எனக்குப் பின்னால் ஓடிவந்த என் கணவரிடம். “ரொம்ப நேரமா இங்கனயே இருக்கு. நான் ஊதும்போதெல்லாம் கையையே பாக்குது. போன்னு வெரட்டுனாலும் போவ மாட்டேங்குது.”

தான் யார், எந்த ஸ்டேஷனில் இருந்தவர் என்று எங்கே போனாலும் இரண்டாவது வாக்கியத்தில் சொல்லிவிடுகிறவர், அன்றைக்குச் சொல்லவில்லை. குனிந்து குட்டியைத் தூக்கினார். அது அவர் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தது.

வேன் புறப்பட்டது. நாத்தனார் கேட்காமலே தன் துண்டைக் கொடுத்தாள். அவர் அதன் தலையையும் அடிபட்ட காலையும் துடைத்தார். இலஞ்சி வந்தது.

“நாளைக்குப் பண்பொழிக்குப் போன் போட்டுருதேன்” என்றார், வெளியே பார்த்தபடி. “நீ சொன்னதுதான் சரி. கூப்பிட்டா வரலைல்லா.”

குட்டியை அவர் மடியிலிருந்து வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

“அது வந்துச்சு” என்றேன். “நாமதான் அங்கன இல்ல.”