பூவரசடிவரை கேட்கும்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில் தீவுப்பகுதியில் ஒலி சம்பந்தமான கடைசித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் சரவணை என்ற ஊரைச் சேர்ந்த சிவபாதத்தின் கையில் இருந்தது. அந்த அதிகாரத்தை அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் பறித்துப் பார்க்கவும் யாருக்கும் துணிவு வரவில்லை. கோயில் திருவிழாவோ, தேவாலயப் பெருநாளோ, கலியாண வீடோ, செத்த வீடோ, எல்லாவற்றிலும் அவருடைய லவுட்ஸ்பீக்கர் குழாய்கள்தான் பாடின, அழுதன. முப்பது வருடத் தொழில். இடையில் ஒரு தடவை ஊரே இடம்பெயர்ந்தபோது குழாய்களை வைக்கோலுக்குள் புதைத்துவிட்டுப் போனார். தொண்ணூற்றாறில் திரும்பி வந்து பார்த்தால் ஆறு குழாய்க்குள்ளும் குளவி கூடு கட்டியிருந்தது. குளவியைக் கலைத்துவிட்டு மறுபடி தொழிலைத் தொடங்கினார். குளவி இருந்த காலத்தில்தான் அந்தக் குழாய்கள் ஓரளவு இனிமையாக ஒலித்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அது பொறாமை.

நல்ல சவுண்ட் என்றால் என்ன என்பதற்குத் தீவுகளில் ஒரே ஒரு இலக்கணம்தான். சுற்றிவரக் கடல். ஊர்காவற்துறையில் பெருநாள் என்றால் அது எழுவைதீவில் கேட்கவேண்டும். கேட்டால் நல்ல சவுண்ட். கேட்காவிட்டால் அந்தப் பெருநாளே நடக்கவில்லை. பெருநாளுக்கு முதல் நாள் சிவபாதத்தின் கூட்டாளி பஸ்ரியாம்பிள்ளை தன் வள்ளத்தை எழுவைதீவுப் பக்கமாக விடுவார். பாட்டுக் காதில் விழும்வரை ஒரு கம்பில் வெள்ளைத் துவாய்த் துண்டைக் கட்டி உயர்த்திப் பிடித்திருப்பார். பாட்டுக் கேட்காமல் போனதும் துவாயை இறக்குவார். சிவபாதம் ஜெற்றியில் அம்பிளிபயருக்குப் பக்கத்தில், ஜெனறேற்றருக்கும் குழாய்க்கம்பத்துக்கும் நடுவில், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அந்தத் துவாயைப் பார்த்திருப்பார். துவாய் மறையும்வரை இறங்கவில்லை என்றால் ஒரு பெருமூச்சு விட்டு, "சவுண்ட் திறம்" என்று தீர்ப்புச் சொல்வார்.

கவனிக்கவேண்டியது, இந்த முழுப் பரிசோதனையிலும் நீதிபதிக்குத் தேவைப்பட்டது கண் மட்டும்தான்.

காது அவருக்கு எப்போதோ போயிருந்தது. முப்பது வருடம் அந்த இடத்தில் இருந்தால் அம்மிக்கல்லுக்கும் போயிருக்கும். அடியோடு போகவில்லை. இடி கேட்கும். பஸ்ஸின் ஹோர்ன் கேட்கும். மனிசர் கதைப்பது மட்டும் அடுத்த வீட்டில் கதைப்பதுபோல ஒரு முழக்கமாக வரும். இது மனைவி சறோஜினிதேவிக்குத் தெரியும். அவர் வலப்பக்கம் வந்து நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து பேசுவார். மற்றவர்கள் அதை, சிவபாதத்துக்கு மனைவி பயம் என்று எடுத்துக்கொண்டார்கள். சிவபாதமும் திருத்தவில்லை. சவுண்ட்காரனுக்குக் காது கேட்காது என்று ஊர் அறிவதைவிட, மனைவிக்குப் பயந்தவன் என்ற பெயர் எவ்வளவோ மேல்.

சண்டை ஓய்ந்து வந்த சமாதானத்தோடு ஊர்காவற்துறைக்கு இன்ரநெற்றும் வந்தது. கடற்கரை வீதியில் யூலியானா என்ற பெண் மூன்று கொம்பியூட்டர்களோடு ஒரு கடை திறந்தார். தமையன் றெக்ஷன் ரொறன்ரோவில் இருந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கொம்பியூட்டரால் கதைக்கத் தீவின் தாய்மாரும் தகப்பன்மாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில் இருந்தார்கள். மூன்று கொம்பியூட்டருக்கும் மூன்று ஹெட்செற். எது நல்லது என்று வரிசையில் சண்டை வந்தது. யூலியானா சிவபாதத்தை அழைத்தார்.

சிவபாதம் எழுவைதீவுச் சட்டத்தையே ஹெட்செற்றுக்கும் போட்டார். ஹெட்செற்றை நீதிபதி தலையில் மாட்டுவது முறையல்ல. லவுட்ஸ்பீக்கரை யாராவது தலையில் மாட்டிப் பார்ப்பார்களா? யூலியானா மாட்டிக்கொண்டு ஒரு பாட்டைப் போட, பஸ்ரியாம்பிள்ளை துவாயை உயர்த்தியபடி பின்பக்கமாக நடந்தார். முதலாவது ஹெட்செற்றுக்கு மேசையடியிலேயே துவாய் இறங்கியது. இரண்டாவது வாசல்வரை போனது. மூன்றாவதுக்குப் பஸ்ரியாம்பிள்ளை வாசலைத் தாண்டி, சைக்கிள்கள் சாத்தியிருக்கும் பூவரசடியில் முதுகு முட்டும்வரை துவாயோடு போனார். சனம் கை தட்டியது. யூலியானா ஒரு கொப்பியை நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டார். சிவபாதம் அதில் எழுதினார்: "மூன்றாம் நம்பர். பூவரசடிவரை கேட்கும். மிகத் திறம். இப்படிக்கு, க. சிவபாதம்."

அன்றுமுதல் மூன்றாம் நம்பருக்குத்தான் வரிசை. பெட்டியில் அச்சடித்திருந்ததையோ, விற்றவன் சொன்னதையோ ஒருவரும் நம்பவில்லை. கொப்பியை நம்பினார்கள்.

சிவபாதமும் மூன்றாம் நம்பரில்தான் நோர்வேயில் இருந்த மகள் கம்சிகாவோடு கதைத்தார். அதில் அவருக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. மகள் சொல்வது அவருக்குக் கேட்காது. ஆனால் வரிசையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் கேட்கும். அவர்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். அவர்கள் "ஐயோ" என்றால் அவரும் "ஐயோ பிள்ளை" என்பார். விளங்காத இடத்தில் பஸ்ரியாம்பிள்ளை உரத்து உதவி செய்வார்.

"இஞ்சை கேளும், சிவபாதம்! பெட்டைக்கு மூண்டு மாசமாம்!"

"எனக்குக் கேட்டது. நீர் உம்மடை அலுவலைப் பாரும்."

இதன் விளைவாக, கம்சிகா மசக்கையில் என்ன சாப்பிட்டாள், என்ன சாப்பிடவில்லை, மாமியார் என்ன சொன்னார், அதற்கு அவள் என்ன சொல்லவில்லை என்பதெல்லாம், சிவபாதம் சைக்கிளை மிதித்து வழியிலுள்ள நாரந்தனையைத் தாண்டும் முன்பே சரவணைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இந்த நிலையில்தான் றெக்ஷன் ரொறன்ரோவிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினார். கொம்பியூட்டரில் சுட்டு விளையாடுகிறவர்கள் போடும் ஹெட்செற். கறுப்பு நிறம். காதை முழுவதும் மூடும் மெத்தை, பாதித் தேங்காய் அளவில். வாய்க்கு முன்னால் வளைந்த மைக். வயரின் நடுவில் சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சில்லு. கூடவே, இன்ரநெற்றில் அதைப் பற்றிப் பல நாட்டவர் எழுதிய புகழுரைகளை இரண்டு தாளில் அச்செடுத்து அனுப்பியிருந்தார். எல்லாரும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திர வெள்ளி போட்டிருந்தார்கள்.

யூலியானா ஒன்றை வாசித்துத் தமிழில் சொன்னார். "இதைப் போட்டா பின்னாலை ஆள் வாற காலடிச் சத்தம்கூடத் தெரியுமாம், அண்ணை. இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்டும் பிரிச்சுச் சொல்லலாமாம்."

"பதினைஞ்சு வரியமா நாங்கள் அதைச் சும்மா காதாலையே கேட்டுத்தானே உயிரோடை இருக்கிறம்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

சிவபாதம் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "உதை எழுதினவன் எழுவைதீவிலை நிண்டு கேட்டவனோ?"

"இல்லை அண்ணை, அவன் அமெரிக்காவிலை."

"அப்ப என்னண்டு நம்புறது? துவாயை எடும், பஸ்ரியாம்பிள்ளை."

யூலியானா மாட்டினார். பாட்டுப் போனது. பஸ்ரியாம்பிள்ளை துவாயை உயர்த்தவே இல்லை. கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"கேக்குதோ?"

"இல்லை."

"கிட்டப் போம்."

"யூலியானாவின்ர தலைமயிர் என்ர மூக்கிலை முட்டுது. இனி எங்கை போறது?"

"கேக்குதோ?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப உதவாத சாமான்," என்றார் சிவபாதம். கொப்பியில் எழுதினார்: "ரொறன்ரோ ஹெட்செற். பக்கத்தில் நின்றவருக்கும் கேட்கவில்லை. சுழியம்." யூலியானா, தனக்கு நன்றாகக் கேட்டதே என்று சொல்லப் பார்த்தார். போட்டுக்கொண்டிருப்பவருடைய சாட்சி செல்லாது என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். ஹெட்செற் அலுமாரிக்குப் போனது.

கம்சிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிவபாதத்துக்கும் சறோஜினிதேவிக்கும் முதல் பேத்தி. அதற்குப் பிறகு வந்த நான்காவது ஞாயிறு சிவபாதம் மூன்றாம் நம்பரில் மகளுக்குப் பெருமையாகச் சொன்னார்: "பிள்ளை, இஞ்சை ஒரு புது ஹெட்செற் வந்தது. போட்டவனைத் தவிர ஒருத்தருக்கும் கேளாது. நான் சுழியம் போட்டிட்டன்."

அந்தப் பக்கம் ஏதோ முழக்கம். வரிசை முழுவதும் திடீரென்று அமைதியாகி ஆளையாள் பார்த்தது. சிவபாதத்துக்குச் சிரிப்பதா "ஐயோ" என்பதா என்று தெரியவில்லை.

பஸ்ரியாம்பிள்ளைதான் குனிந்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். "அடுத்த ஞாயிறு பிள்ளைக்கு முப்பத்தொராம் நாள் துடக்குக் கழியுதாம். பேத்தியின்ர சத்தத்தைக் கேக்க வேணுமெண்டா நீர் அந்த ஹெட்செற்றைத்தான் போட வேணுமாம். இல்லாட்டி தான் வரமாட்டாளாம். ஊர் கேக்கத் தான் இனிக் கதைக்கேலாதாம்." பிறகு, நியாயத்துக்காக, "எங்களைத்தான் சொல்லுறாள்போல," என்றும் சேர்த்தார்.

அந்தக் கிழமை சிவபாதம் சாப்பிட்ட கணக்குச் சறோஜினிதேவிக்குத்தான் தெரியும். சுழியம் போட்ட சாமானைத் தானே தலையில் மாட்டுவது ஒரு அவமானம். அது பெரிதல்ல. மாட்டினால் வரிசைக்குக் கேட்காது. வரிசைக்குக் கேட்காவிட்டால் அவருக்குச் சொல்ல ஆளில்லை. மகள் கேட்பாள், அவர் முழிப்பார், பன்னிரண்டு பேர் பார்ப்பார்கள். மாட்டாவிட்டால் பேத்தி இல்லை.

சனிக்கிழமை சறோஜினிதேவி அவருடைய வலப்பக்கம் வந்து நின்றார். "இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லிப்போட்டு நான் போய்க் கதைக்கட்டே?"

"என்ன உண்மை?"

"சரி, ஒண்டும் இல்லை," என்று அவர் குசினிக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வழமையைவிட வரிசை நீளம். கதைக்க ஆளில்லாதவர்களும் வந்திருந்தார்கள். யூலியானா அலுமாரியைத் திறந்து அதை எடுத்தார். சிவபாதம் திருநீற்றை ஒருமுறை தொட்டுக்கொண்டு குனிந்தார். மெத்தை இரண்டும் காதைக் கவ்வின.

முதலில் நடந்தது என்னவென்றால், கடைக்குப் பின்னால் ஓடிய ஜெனறேற்றர் நின்றுபோனது. சிவபாதம் திடுக்கிட்டு லைட்டைப் பார்த்தார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. முப்பது வருடமாக அவருடைய மண்டைக்குள் ஓடிய ஜெனறேற்றர்களும் சேர்ந்து நின்றுவிட்டதுபோல இருந்தது. யூலியானா வயரின் நடுவிலிருந்த சில்லைக் கடைசிவரை உருட்டிவிட்டார்.

"அப்பா."

சிவபாதம் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் பஸ்ரியாம்பிள்ளைதான் நின்றார்.

"அப்பா, கேக்குதே?"

"ஓம்," என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ஓம் பிள்ளை. கேக்குது."

வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரும் கழுத்தை நீட்டி அவருடைய முகத்தைப் பார்த்து எதையாவது பிடிக்க முயன்றார்கள். காலம் எப்படித் திரும்பியது பாருங்கள்: அவர் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த காலம் போய், அவர் சிரித்தபோது அவர்கள் சிரித்தார்கள்.

மகள் அப்போது சொன்னதை அவர் பிறகு மனைவிக்கு மட்டும் சொன்னார். மனைவி அடுத்த வீட்டுக்கு மட்டும் சொன்னார். அதனால் எல்லாருக்கும் தெரியும். "அப்பா, உங்களுக்குக் காது கேளாது எண்டு எனக்குப் பத்து வயசிலையே தெரியும். பள்ளிக்கூடத்திலை நான் பாடேக்கை நீங்கள் என்னைப் பாக்காமல் சனத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். அவையள் கை தட்டினாப் பிறகுதான் தட்டினனீங்கள். அதை ஆக்களுக்கு முன்னாலை என்னண்டு சொல்லுறது? அதுதான் இதைப் போடச் சொன்னனான்."

சிவபாதம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார், எதற்கு என்று தெரியாமல்.

"இப்ப உங்கடை பேத்தியைக் கேளுங்கோ."

குழந்தை அழவில்லை. சிரிக்கவும் இல்லை. அதற்கு விக்கல் எடுத்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் இடையில் அது மூச்சை இழுக்கும் மெல்லிய சத்தமும் வந்தது. சிவபாதம் இருபது விக்கல்வரை எண்ணினார். அதற்குப் பிறகு எண்ண ஏலாமல் போயிற்று.

லைன் அறுந்ததும் ஹெட்செற்றைக் கழற்றிக் கொம்பியூட்டருக்கு முன்னால் வைத்தார். ஜெனறேற்றர் திரும்பவும் ஓடத் தொடங்கியது. பஸ்ரியாம்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சொன்னவள்?"

சிவபாதம் அவருடைய வாயை உற்றுப் பார்த்தார். "உரத்துச் சொல்லும், பஸ்ரியாம்பிள்ளை. எனக்குக் காது கேளாது."

கடையில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. பூவரசடிவரையும் கேட்டிருக்கும். யாரோ ஒரு ஆள் சிரிக்கத் தொடங்கி, இது பகிடி இல்லை என்று விளங்கிப் பாதியில் நிறுத்தினார்.

சிவபாதம் சுவரிலிருந்து கொப்பியை இழுத்தார். சுழியத்தை வெட்டினார். அதன் கீழே எழுதினார்: "முந்திய தீர்ப்புகள் யாவும் வெளியே நின்றவர்களின் காதால் எழுதப்பட்டவை. எனக்குக் காது மந்தம். இந்த ஹெட்செற்றை நான் தலையில் போட்டுக் கேட்டேன். விக்கல் கேட்கும். மூச்சுக் கேட்கும். இப்படிக்கு, க. சிவபாதம்."

இனி இவருடைய பேச்சை யார் நம்புவார் என்று சனம் கதைத்தது. அடுத்த ஞாயிறு பார்த்தால் ரொறன்ரோ ஹெட்செற்றுக்கு முன்னால் பதினேழு பேர் இருந்தார்கள். காது கேட்கிறவன் நல்லதென்று சொன்னால் சந்தேகப்படலாம்; காது மந்தமானவனே கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அமெரிக்கர்களின் வெள்ளிகளுக்கு இல்லாத மதிப்பு அந்த ஒரு விக்கலுக்குக் கிடைத்தது. யூலியானா தமையனிடம் இன்னும் இரண்டு அனுப்பச் சொன்னார்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. எழுவைதீவிலிருந்து கிழமைக்கொரு தடவை கடையில் வந்து இருந்து, யாரோடும் கதைக்காமல் திரும்பிப் போகும் அல்போன்சம்மா கொப்பியை எடுத்து, சிவபாதத்தின் கையெழுத்துக்குக் கீழே தன் கருத்தைப் பதிந்தார்: "ஒருத்தரின்ர கதையும் கேட்க ஏலாது. வீண் சாமான்."

சிவபாதம் அதை வாசித்து, அதுவும் நியாயமான தீர்ப்புத்தான் என்று விட்டுவிட்டார். அவருக்கு வேறு அலுவல் இருந்தது. மெத்தைகளை மாட்டி, சில்லை உருட்டி, பேத்திக்காகக் காத்திருந்தார். பின்னால் ஏதோ சூடாக முட்டியது. திரும்பினால் பஸ்ரியாம்பிள்ளை. வலப்பக்கத்து மெத்தையின் வெளிப்புறத்தில் தன் காதை ஒட்டவைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றார்.

"கேக்குதோ?" என்றார் சிவபாதம்.

பஸ்ரியாம்பிள்ளை அவருக்கு விளங்கட்டும் என்று தலையைப் பெரிதாக ஆட்டினார். "இல்லை."

"அப்ப நல்ல சாமான்."